மவுண்ட் அட்டைக்கு அடியில் அரை அங்குலம்

எங்கள் ஆலயத்தில் பதிவேடுகள் வைத்திருக்கும் வெஸ்ட்ரி அறையில், பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு பெண்ணின் வாட்டர்கலர் படம் தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சேலை, முழங்கை வரை நீண்ட ரவிக்கை, மடியில் நிமிர்த்திப் பிடித்த கறுப்பு அட்டைப் புத்தகம். சிகந்தராபாத்தில் எங்கள் தமிழ்ச் சபை சின்னதாக இருந்த காலத்தில் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டியவர். அவரைப் பைபிள் அம்மா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வரைந்தவர் யார் என்பது யாருக்கும் தெரியாது. தெரியும் என்று சொன்னவர் ஒரே ஒருவர். அவரை யாரும் நம்பவில்லை, நான் உட்பட.

இந்த வருஷ அசனத்துக்கு, அதாவது சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நாளுக்கு, அந்தப் படத்தை வெளியே எடுத்து ஹாலில் மாட்டுவது என்று கமிட்டி முடிவு செய்தது. நான் கமிட்டியின் துணைச் செயலாளர். மினிட்ஸ் எழுதுவது என் வேலை. படத்துக்குக் கீழே ஒட்டவேண்டிய லேபிளும் என் தலையில் விழுந்தது. படத்தில் இருப்பவர் யார், வரைந்தவர் யார், எந்தக் காலம் என்று மூன்று வரிகள்.

தெரியும் என்று சொன்னவர் மெட்டுகுடாவில் இருக்கும் மாமா. உறவு எதுவும் இல்லை. சபையில் எண்பது வயதானவர்கள் எல்லோரும் எனக்கு மாமாதான். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "அது எங்கப்பா வரைஞ்சது" என்று வாலிப வயதிலிருந்து சொல்லிவருகிறார். அதனால் அவருக்கு ஆர்ட்டிஸ்ட் மாமா என்று பட்டப்பெயர். அதைச் சொல்லும்போது எல்லோருடைய உதடும் ஒரு பக்கம் கொஞ்சம் மேலே போகும். அசனம் முடிந்ததும் அவர் புனேயில் இருக்கும் மகள் வீட்டுக்கு நிரந்தரமாகப் போவதாக இருந்தார்.

நான் முதலில் செய்த ஆய்வு இரண்டே மாலைகளில் முடிந்தது. படத்தின் வலது கீழ் ஓரத்தில், பிரேமுக்குள் படத்தைச் சுற்றி வைத்த மவுண்ட் அட்டையை ஒட்டி, இரண்டு ஆங்கில எழுத்துகள் பெரிதாகச் சாய்ந்து நின்றன; அவற்றின் அடிப்பாகம் அட்டைக்குள் போயிருந்தது. அந்தக் காலத்தில் இங்கே இருந்த வெள்ளைக்கார மிஷனரியின் மனைவிதான் பைபிள் அம்மாவின் வேலையை மேற்பார்வை பார்த்தவர். அவர் எழுதிய கடிதங்கள் பீரோவில் ஒரு கோப்பாக இருக்கின்றன. கடிதத்தின் அடியில் அதே இரண்டு எழுத்துகள், அதே சாய்வு. லென்ஸ் வைத்து நான்கு கடிதங்களோடு ஒப்பிட்டேன். சந்தேகமே இல்லை. கமிட்டியில் வைத்தேன், ஏற்றுக்கொண்டார்கள், மினிட்ஸில் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மாமா வெஸ்ட்ரிக்கு வந்தார். செயலாளரும் அங்கே இருந்தார்.

"ஏம்மா, லேபிள்ல யாரு பேரப் போடப் போற?"

சொன்னேன்.

"அந்தத் துரைசாணியா?"

"கையெழுத்து இருக்கு மாமா. அவங்க லெட்டரோட ஒப்பிட்டுப் பாத்துட்டேன்."

"எங்கப்பா வரைஞ்சதுன்னு நான் சொல்லுதேன்லா."

"வரையும்போது நீங்க பாத்தீங்களா?"

"நான் பொறக்கதுக்கு முந்தி வரைஞ்சது. எங்கம்மா சொன்னா."

"எழுத்துல ஏதாவது இருக்கா மாமா?"

"எங்கம்மாவுக்கு எழுதத் தெரியாது."

செயலாளர் பேனாவை மூடிக்கொண்டே, "சார்மினாருக்கும் ஒங்கப்பாதானே பிளான் போட்டாரு மாமா?" என்றார். வாசலில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

மாமா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "அறுபது வருஷமா என்னயப் பொய்யன்னு சொல்லுதாங்க. இப்பம் புக்குலயும் எழுதிட்டிய" என்றார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்னோடு பேசவில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் சரியாகத்தான் செய்தேன் என்று நினைத்திருந்தேன்.

அசனத்துக்கு ஐந்து நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, அந்த நினைப்பு உடைந்தது.

நான் சனத்நகரில் ஓர் இன்ஜினியரிங் தொழிற்சாலையில் வரைபடப் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பழைய வரைபடங்களை ஸ்கேன் செய்யும் வேலை இப்போது நடக்கிறது. ஒப்பந்தத்தில் வந்திருக்கும் ஒரு பெண் கம்ப்யூட்டரில் விவரங்களை ஏற்றுகிறாள். அன்று காலை அவள் திரையைப் பார்த்தபடியே தெலுங்கில் கேட்டாள்: "மேடம், வரைந்தவர்ங்கிற கட்டத்துல இந்த வலது மூலைக் கையெழுத்தைப் போட்டுட்டேன். சரிதானே?"

நானும் என் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொன்னேன். "தப்பும்மா. வலது மூலையில இருக்கிறது பாஸ் பண்ண ஆபீசரோடது. வரைஞ்சவர் எப்பவும் இடது..."

அத்தோடு நின்றுவிட்டேன்.

"இடது பக்கம், மேடம்?" என்று அவள் காத்திருந்தாள்.

இருபத்தாறு வருஷமாக நான் ஒவ்வொரு நாளும் பார்க்கும் விஷயம் இது. வரைந்தவர் இடது ஓரத்தில், சரிபார்த்துப் பாஸ் செய்தவர் வலது ஓரத்தில். ஆலயத்துக்குள் நுழைந்ததும் மட்டும் ஓவியர்கள் வலது ஓரத்தில் கையெழுத்துப் போடுவார்கள் என்ற எண்ணத்தை எங்கிருந்தோ எடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒரு பெண்ணின் படத்தை யார் பாஸ் செய்யப்போகிறார்கள்? டிராயிங் ஆபீஸில் வேலை பார்த்த மனிதர் வரைந்திருந்தால் ஒழிய? மாமாவின் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று நான் விசாரிக்கவே இல்லை.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு எம்.எம்.டி.எஸ் ரயிலைப் பிடித்தேன். உட்கார இடம் இருந்தும் சிகந்தராபாத் வரை கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே வந்தேன்.

வெஸ்ட்ரியில் முதலில் ஞானஸ்நான ரிஜிஸ்டரை எடுத்தேன். மாமா பிறந்த வருஷம் தெரியும். பக்கத்தைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், ஊர். அதற்கு அடுத்த கட்டம் தகப்பன் தொழில். பழுப்பு மையில் எழுதியிருந்தது: டிரேசர், ரயில்வே டிராயிங் ஆபீஸ். வரைபடங்களைப் பிரதி எடுத்து வரைபவர்.

ரிஜிஸ்டரைத் திறந்தபடியே வைத்துவிட்டுப் படத்துக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு ஏறினேன். இப்போது கண் வேறு மாதிரி பார்த்தது. படத்தில் வெளிச்சம் இடது மேல் பக்கத்திலிருந்து வந்தது. பைபிள் அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலிக் காலின் நிழல், டிராயிங் விதிப்படி, சரியாக நாற்பத்தைந்து டிகிரியில் விழுந்திருந்தது. என் செட்ஸ்கொயரைக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தேன், மயிரிழைகூட விலகவில்லை. பின்சுவரின் செங்கல், வீட்டுப் பிளானில் புதுச் சுவருக்குப் பூசும் அதே சிவப்பு. நாற்காலியின் மரத்துக்கு ஒரே சீரான பழுப்புப் பூச்சு, அதன் மேல் மெல்லிய ரேகைகள், பிளானில் கதவு நிலைக்குப் போடுவதுபோல. முகம் மட்டும் அப்படி இல்லை. முகத்தில் அந்த மனிதர் விதிகளை விட்டுவிட்டு, பார்த்ததைப் பார்த்தபடி வரைந்திருந்தார்.

இதெல்லாம் ஆதாரம் ஆகாது என்பது எனக்குத் தெரியும். இடது கீழ் ஓரத்தில் எதுவும் கண்ணில் படவில்லை; மவுண்ட் அட்டை அங்கே மறைத்திருந்தது. பிரேமைப் பிரிக்காமல் முடியாது.

செயலாளருக்குப் போன் செய்தேன்.

"ஞாயித்துக்கிழமை அசனம். இப்பப் போய் பிரேமைப் பிரிக்கணும்ங்கிறீங்களே சிஸ்டர். கண்ணாடி உடைஞ்சா?"

"உடைஞ்சா வேற போட்டுக்கலாம். லேபிள் தப்பாப் போனா?"

"தப்புன்னு இப்ப யாரு சொல்றா? நீங்கதானே கண்டுபிடிச்சீங்க, நீங்கதானே எழுதினீங்க."

"அதனாலதான் நான் கேக்கிறேன்."

அவர் டைரியைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, வியாழன் மாலை ஐந்தரைக்கு, தன் முன்னிலையில், படத்துக்கு ஏதாவது ஆனால் என் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தால் சம்மதம் என்றார். அன்று இரவே எழுதினேன். என் கணவர் அதைத் தோளுக்கு மேலிருந்து படித்துவிட்டு, "ஒரு வேள அங்க ஒண்ணும் இல்லேன்னா?" என்றார். அதைத்தான் நான் யோசிக்காமல் இருக்க முயன்றுகொண்டிருந்தேன்.

புதன்கிழமை வேலை முடிந்து மெட்டுகுடா போனேன். மாமா வீட்டில் மூன்று அட்டைப்பெட்டிகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. என்னைப் பார்த்ததும் "வா" என்று மட்டும் சொன்னார், ஃபேனைப் போட்டார்.

"மாமா, படத்தப் பிரிச்சுப் பாக்கப் போறோம். நீங்க வரணும்."

"நக்கோ. நான் கைக்கு வரணும்? இன்னொரு தடவ இல்லேன்னு சொல்லதுக்கா?" கோபம் வந்தால் மாமா பேச்சில் 'வேண்டாம்', 'எதுக்கு' எல்லாம் இந்த ஊர் உருதுவில்தான் வரும்.

"இல்லாமலும் போகலாம். இருந்துச்சுன்னா நீங்க இல்லாம நான் பாக்கக் கூடாது."

அவர் பெட்டிக் கயிற்றை இழுத்து இறுக்கினார். "இப்பம் திடீர்னு என்ன?"

"அப்பா டிராயிங் ஆபீஸ்ல இருந்தாராமே. ஏன் மாமா சொல்லல?"

"நீ கேட்டியா?"

அவரே கொஞ்சம் இறங்கி வந்தார். "சாயா குடிக்கியா?" என்றார். நான் தலையசைத்ததும் அடுப்படிக்குப் போனவர் அங்கிருந்து கேட்டார்: "எத்தன மணிக்கு?"

"அஞ்சரை."

"அஞ்சுக்கே வந்துருதேன். ஒங்க செகரட்ரி எனக்கு முந்திப் பிரிச்சிருவான்."

வியாழன் அன்று நான் நான்கே முக்காலுக்குப் போனேன். மாமா எனக்கு முன்பே வந்து வெஸ்ட்ரிப் படியில் உட்கார்ந்திருந்தார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். பிரேம் கடைக்காரர் ஸ்டேஷன் பக்கத்துச் சந்திலிருந்து வந்தார். தாடி நரைத்த, நிதானமான பாய். செயலாளர் சரியாக ஐந்தரைக்கு வந்து, கண்ணாடியைத் தட்டிப் பார்த்து, கீறல் எதுவும் இல்லை என்று என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார்.

பாய் படத்தை மேஜை விரிப்பின் மேல் குப்புறக் கவிழ்த்தார். துருப்பிடித்த ஆணிகளைக் குறட்டால் ஒவ்வொன்றாக இழுத்தார். "ஹல்லு, ஹல்லு" என்று, மெதுவாக வரச் சொல்லி, ஆணியிடமே பேசிக்கொண்டார். மாமாவும் கூடவே, "ஹவ் பாய், ஹல்லு" என்று ஆமாம் போட்டார். பதினொரு ஆணிகள். பின்பலகை வந்தது, கண்ணாடி வந்தது. படமும் மவுண்ட் அட்டையும் மட்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அடிப்பக்கத்தில் ஓர் இடத்தில் பசை. பாய் மெல்லிய பிளேடு ஒன்றைத் துணியில் துடைத்து உள்ளே விட்டார். என் கைக்கடிகாரத்தில் நான்கு நிமிஷம் போயிற்று. அந்த நான்கு நிமிஷத்தில் வெறும் காகிதத்தை, காலி ஓரத்தை, மாமா குடையை எடுத்துக்கொண்டு போவதை எல்லாம் பார்த்துவிட்டேன்.

அட்டை கழன்று வந்தது.

படத்தின் அடியில், முழு அகலத்துக்கும், அரை அங்குல உயரத்தில் ஒரு பட்டை. மேலும் கீழும் கறுப்பு மையில் இழுத்த இரட்டைக் கோடு. நடுவில் அச்சடித்ததுபோன்ற ஆங்கில எழுத்துகள், ஒவ்வொன்றும் ஒரே உயரம். வலது மூலையில் 'பாஸ் செய்தவர்' என்று பொருள்படும் சொல். அந்த இடத்தில்தான் துரைசாணி அம்மா தாராளமாக இரண்டு எழுத்துகளைப் போட்டிருந்தார். பட்டைக்குள் அடங்காமல் எழுத்து படத்துக்குள் ஏறிவிட்டது. இத்தனை வருஷம் நாங்கள் பார்த்தது அப்படி ஏறிய பாதியைத்தான். இடது மூலையில் 'வரைந்தவர்', பக்கத்தில் சின்னஞ்சிறு இரண்டு எழுத்துகள். தகப்பன் பெயரின் முதல் எழுத்து, தன் பெயரின் முதல் எழுத்து. ஞானஸ்நான ரிஜிஸ்டரில் மாமாவின் அப்பா பெயருக்கு இருக்கும் அதே இரண்டு.

மாமா குனிந்து பார்த்தார்.

செயலாளர்தான் நடுவில் இருந்ததை வாசித்தார். "ஸ்கேல்... ஒன் ஃபோர்த்." நிமிர்ந்தார். "பொம்பள படத்துக்கு ஸ்கேலா?"

"எங்கப்பாதான்" என்றார் மாமா. குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. அடுத்த நொடி அது சிரிப்பாகிவிட்டது. "பூசணிக்காய வரைஞ்சாலும் அடியில அளவு போடுவாரு. எங்கம்மா திட்டுவா, இத அளந்தா குழம்பு வைக்க முடியுமான்னு."

நாலில் ஒன்று என்று எழுதியிருந்தால் அளந்து பார்க்க முடியும். படத்தில் இருக்கும் அந்தக் கறுப்புப் புத்தகம் பீரோவின் மேல்தட்டில், வெள்ளைத் துணியில் சுற்றி, இன்றும் இருக்கிறது. எடுத்து வந்தேன். என் பையில் இருந்த ஸ்டீல் டேப்பால் புத்தக முதுகை அளந்தேன். எட்டே கால் அங்குலம். படத்தில் அதே முதுகு, நிமிர்ந்து நேராக. இரண்டு அங்குலமும் பதினாறில் ஒரு பங்கும். எட்டே காலை நான்கால் வகுத்தால் அதுதான். இரண்டாம் முறை செயலாளரை அளக்கச் சொன்னேன். அவருக்கும் அதே வந்தது.

"அப்ப அந்தம்மாவ நேர்ல உக்கார வச்சு, புத்தகத்தையும் அளந்திருக்காரா?" என்றார் அவர்.

"பின்ன? கண்ணால பாத்தா போதும்னு நினைக்க ஆளா அவரு" என்றார் மாமா.

எழுத்துகள் இரண்டும் வேறு யாருக்காவது பொருந்தலாமே என்ற கேள்வி எனக்கு இன்னும் பாக்கி இருந்தது. திருமண ரிஜிஸ்டரில் மாமாவின் அப்பா மணமகனாகப் போட்ட கையெழுத்தைத் தேடி எடுத்து, படத்தின் பக்கத்தில் வைத்தேன். இரண்டாவது எழுத்தின் வால், ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேராக முடிந்தது. படத்திலும் அப்படியே. கல்யாண ரிஜிஸ்டரில்கூட மனிதர் நடுங்காமல் கோடு இழுத்திருக்கிறார்.

பாஸ் வாங்கிய விஷயம் எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. டிராயிங் ஆபீஸில் பழகிய கை, இன்னொருவர் பார்த்துச் 'சரி' சொல்லாமல் எந்தத் தாளையும் வெளியே விடாது. பைபிள் அம்மாவுக்கு மேலே இருந்த அதிகாரி துரைசாணி அம்மா. ஆகவே படத்தை அவரிடம் கொண்டுபோய் நீட்டியிருக்கிறார், முகம் சரியாக இருக்கிறதா என்று. அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பிறகு பிரேம் போட்டவருக்கு, படத்தின் அடியில் இருந்த பட்டை அசிங்கமாகப் பட்டிருக்கும், அட்டையால் மூடிவிட்டார்.

செயலாளர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "சார்மினார வாபஸ் வாங்கிக்கிறேன் மாமா."

"வாயால சொல்லுதது நக்கோ. எழுது."

"லேபிள மாத்திடலாம் மாமா" என்றேன் நான்.

"லேபிள் பேப்பர்தானே. பசை விட்டா விழுந்துரும். ஒங்க புக்குல எழுதியிருக்கியளே, அத மாத்துங்க. நான் போன பெறகு ஒருத்தன் அத எடுத்துப் படிப்பான்லா."

மினிட்ஸில் எழுதியதை அழிக்க முடியாது. கமிட்டியே திருத்தவேண்டும். சனிக்கிழமை மாலை அவசரக் கூட்டம் கூட்டினோம். ஆறு பேர் வந்தார்கள். மாமா அங்கத்தினர் இல்லை, ஆனாலும் கதவோரம் நாற்காலி போட்டோம். நான் எழுந்து நின்று வாசித்தேன்: படத்தை வரைந்தவர் பற்றிய முந்தைய தீர்மானம் தவறு, அந்தத் தவறு என் ஆய்வில் நேர்ந்தது, பாஸ் செய்தவரின் கையெழுத்தை வரைந்தவருடையது என்று எடுத்துக்கொண்டேன், இந்தச் சபையின் அங்கத்தினர் ஒருவர் ஆரம்பத்திலிருந்தே உண்மையைச் சொல்லிவந்தார். கடைசி வாக்கியத்தை இரண்டாம் முறை வாசித்தேன். பழைய வரிகளின் மேல் ஒரே கோடு போட்டு, பக்க ஓரத்தில் ஆறு பேரும் கையெழுத்திட்டார்கள். மாமா எழுந்து வந்து, மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, முழுவதையும் விரல் வைத்துப் படித்தார். "ஆரம்பத்திலிருந்தே" என்ற இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

லேபிளில் துரைசாணி அம்மாவின் பெயர் இனித் தேவையா என்று ஒருவர் கேட்டார்.

"இருக்கட்டும்" என்றார் மாமா. "அவங்க பாஸ் பண்ணலேன்னா எங்கப்பா அத வெளிய விட்டிருக்க மாட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை படம் ஹாலில் தொங்கியது. பாய் புது மவுண்ட் அட்டையை முக்கால் அங்குலம் தாழ்த்தி வெட்டிக் கொடுத்திருந்தார். பட்டை முழுதாக வெளியே தெரிந்தது. இலை போட்டுக் கறியும் சோறும் பரிமாற ஆரம்பித்தார்கள். முதல் பந்தியில் மாமா இல்லை, இரண்டாவதிலும் இல்லை. வாளியோடு ஹால் பக்கம் போய்ப் பார்த்தேன். படத்துக்கு முன்னால் பதினைந்து பேர் நின்றார்கள். என் ஸ்டீல் டேப் மாமாவின் கையில் இருந்தது; பைபிள் அம்மாவின் புத்தகம் பக்கத்து மேஜையில்.

"மாமா, அடுத்த பந்தி உக்காரப் போறாங்க. வாங்க சாப்பிட."

"நீ போ, நான் வாரேன்" என்றார், என் பக்கம் திரும்பாமல். எதிரில் நின்ற மனிதரிடம் டேப்பின் நுனியைக் கொடுத்தார். "நான் சொல்லுதத நம்பாதீய. நீங்களே அளந்து பாருங்க."